ஆண்டைப் பார்த்தீர்களா?

பத்து காசு கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது ஆண்டைத்தான். 1971 என்று இருந்துவிடாதா! நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த பழைய மலேசிய வரிசையில் அந்த ஆண்டுப் பத்து காசும் ஐந்து காசும் மிகக் குறைவாகவே அடிக்கப்பட்டன. அதே பிறை, அதே நட்சத்திரம், அதே எடை. ஆனால் பக்கத்து ஆண்டுக் காசைச் சீண்டாத சேகரிப்பாளர்கள் 1971க்குப் பல மடங்கு விலை கொடுப்பார்கள். அந்த நாலு எண்களுக்கு அவ்வளவு மவுசு!

யான் ஊரில் நான் சாமான் வாங்கும் கடை அண்ணன், “தங்கச்சி, காசை எண்ணுறியா, படிக்கிறியா?” என்பார். படிக்கிறேன் அண்ணே! படிக்க எவ்வளவு இருக்கிறது! 1989இல் வந்த செம்பருத்திப் பூ வரிசையைத் திருப்பிப் பாருங்கள்: ஐந்து காசில் பம்பரம், பத்து காசில் நம் பல்லாங்குழியின் மலாய்ச் சகோதரி சொங்காக், இருபதில் வெற்றிலைப் பெட்டி, ஐம்பதில் நிலாப் பட்டம். 2012இல் புது வரிசை வந்தபின் இவை மெல்லக் குறைகின்றன. தேய்மானமே இல்லாமல் பளபளக்கும் ஒன்று சிக்கினால் செலவழித்துவிடாதீர்கள்.

ஒரு காசு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஏப்ரல் முதல் கடைகள் மொத்தத் தொகையை ஐந்து காசுக்கு முழுமையாக்கியதும் அது கல்லாவை விட்டு வீட்டு டப்பாக்களுக்குள் போய்விட்டது. பழையவற்றின் மேல் காந்தத்தை நீட்டினால் சில தாவி ஒட்டும், சில அசையாது. அசையாதவை வெண்கலம், ஒட்டுபவை செம்பு பூசிய எஃகு. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிறது! கெரிஸ் பொறித்த ஒரு ரிங்கிட் காசோ, கள்ளக்காசு தொல்லையால் 2005 டிசம்பர் 7ஆம் தேதி முதல் செல்லாது. சேகரிப்பாளரிடம் மட்டும் அதற்கு இன்னும் மதிப்பு உண்டு.

ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கில் அப்பாசியக் கலீபா முத்தவக்கில் காலத்து வெள்ளிக்காசு கிடைத்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் கடாரத்துக்கு யார் யார் வந்து போனார்கள் என்று ஆராய அதுவும் ஒரு சான்று. காசைப் படிப்பது நம் மண்ணுக்குப் புதிதா என்ன!

உங்கள் வீட்டு உண்டியலை இன்றே கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலானவை வெறும் சில்லறைதான். அதனால் என்ன, ஒவ்வொன்றையும் புரட்டும்போது நெஞ்சு படபடக்கிறதே! ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கறுத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசைச் சேகரிப்பாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், விலையும் அங்கேயே இறங்கிவிடும்.