இடுகைப் பெயர்ப்பும் பாட வரலாறும்

தமிழ் வலைப்பதிவுகளை உரைநடை வரலாற்றின் ஒரு பகுதியாகக் கொண்டு ஆராயும் முயற்சி அண்மைக் காலத்தே பெருகிவருகின்றது. அது வரவேற்கத் தக்கதே. ஆயின் அவ்வாய்வுகளைப் படிக்குங்கால் ஒரு குறை புலனாகின்றது. ஆய்வாளர் தம் கண்முன் உள்ள இடுகையையே ஆசிரியர் முதற்கண் வெளியிட்ட இடுகை எனக் கொண்டு மேற்செல்கின்றனர். அஃது ஒரு தளத்தினின்று மற்றொரு தளத்திற்குப் பெயர்க்கப்பட்டதா, ஆமெனின் எப்போது, எவ்வழியாக என்னும் வினாக்களை எழுப்புவார் அரியர். 2003ஆம் ஆண்டையொட்டித் தமிழில் பரவத் தொடங்கிய இவ்வெழுத்து, பன்முறை இடம் மாறியிருக்கின்றது. ஜியோசிட்டிஸ் 2009 அக்டோபரில் மூடப்பெற்றது. யாகூ குழுமங்களின் பழைய மடல்கள் 2019 இறுதியில் நீக்கப்பெற்றன. பிளாக்கரில் எழுதிவந்தோர் பலர் வேர்டுபிரசிற்கோ தமக்கெனப் பெற்ற தனித் தளத்திற்கோ சென்றனர்.

‘இடம் பெயரினும் நூல் அதுவே யன்றோ?’ என்பார் உளர். ஏட்டுச்சுவடியைப் பார்த்து ஏடெழுதினோரும் அவ்வாறே கருதியிருத்தல் கூடும். ரகரத்திற்கும் காலுக்கும் வடிவ வேற்றுமை காட்டாமலும், புள்ளி இடாமலும், எகர ஏகாரங்களை ஒன்றாகவே வரைந்தும் சென்ற அவ்வேடுகளினின்று உண்மைப் பாடம் காண உ. வே. சாமிநாதையர் போன்றோர் பட்ட பாட்டினை நாம் அறிவோம். இடுகைப் பெயர்ப்பும் ஒரு வகைப் படியெடுப்பே என்பது இக்கட்டுரையின் துணிபு. படியெடுப்போன் பொறியாக இருத்தலின் பிழை நேராது என எண்ணுதல் பொருந்தாது. பொறி செய்யும் பிழைக்குத் தனி இயல்பு உண்டு.

முதலாவது எழுத்து. தொடக்கக் காலத் தமிழ் இணைய எழுத்துகள் பல திஸ்கி முதலிய குறிமுறைகளில் அமைந்தவை. திஸ்கியில் ‘கொ’ என்னும் எழுத்து, கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்றாகச் சேமிக்கப்பெறும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக நிற்கும். ஆதலின் பெயர்ப்பின்போது குறிகளை வரிசை மாற்றி அடுக்குதல் வேண்டும். அது செம்மையாக நிகழாவிடத்துக் கொம்பு தனித்து நிற்றலும் அடுத்த எழுத்தோடு ஒட்டுதலும் நேர்கின்றன. ஔகாரக் குறியின் பிற்பகுதி ளகரத்தை ஒத்திருத்தலின் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தேடுபொறிக்கு இரண்டும் வேறு சொற்கள். சொல்லடைவு தொகுக்கும் மாணவர் இதனை ஆசிரியரின் எழுத்து வழக்காகக் குறித்துவிடுதல் எளிது.

இரண்டாவது நாள். பிளாக்கர் தளத்தில் நேர மண்டலத்தைத் தாமே திருத்தாதார்க்கு அமெரிக்க மேற்குக் கரையின் நேரமே இயல்பாக அமைந்திருந்தது. குளிர்காலத்தில் அது நம் நேரத்திற்கு 13½ மணி பிற்பட்டது. பொங்கல் ஜனவரி 15இல் வரும் ஓர் ஆண்டில், அன்று காலை 10 மணிக்கு வேடசந்தூரிலிருந்து ஒருவர் இட்ட பொங்கல் வாழ்த்து, 14ஆம் நாள் இரவு 8.30 மணி எனப் பதிவாகும். அதாவது போகியன்றே பொங்கல் பொங்கிவிடும். பெயர்ப்பின்போது சிலர் நேரத்தைத் திருத்துவர், சிலர் திருத்தார். ஒரே இடுகை இரு தளங்களில் இரு நாள் காட்டுதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது முகவரி. இதன்கண் நிகழும் சிதைவே மிகப் பெரிதாயினும் மிகக் குறைவாக ஆராயப்பெற்றது. பிளாக்கர், தலைப்பிலுள்ள தமிழெழுத்துகளை முகவரியில் ஏற்பதில்லை. தலைப்பு முழுதும் தமிழாயின் ‘பிளாக்-போஸ்ட்’ என்னும் பொதுப் பெயரே இடுகைக்குக் கிட்டும். அதே திங்களில் அடுத்து எழுதுவதற்கு அப்பெயரோடு ஓர் எண் ஒட்டப்படும். வேர்டுபிரஸ் தமிழை ஏற்கின்றது; ஆனால் ஓர் எல்லைக்குள். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 1948இல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. ‘வேடசந்தூர் புகையிலை ஆராய்ச்சி நிலையம்’ என்று தலைப்பிட்டு ஓர் இடுகையை வேர்டுபிரசில் ஏற்றுவதாகக் கொள்க. ‘வேடசந்தூர்’ என்பது இலக்கண நெறியில் ஆறெழுத்து. ஒருங்குறியில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுதலின் பத்துக் குறி. முகவரியில் ஒவ்வொரு குறியும் ஒன்பது இடம் கொள்ளும்; எனவே ஊர்ப்பெயர் மட்டுமே 90 இடம் கொண்டுவிடுகின்றது. ‘புகையிலை’ 72 இடம். இடையிட்ட கோடுகள் இரண்டு. எல்லையோ 200. எஞ்சிய 36 இடங்களில் நான்கு குறிகளே அடங்குமாதலின், முகவரி ‘வேடசந்தூர்-புகையிலை-ஆராய’ என்று அறுபட்டு நிற்கும். யகரத்தின் புள்ளிகூட உடன் வருவதில்லை! ‘வேடசந்தூர் புகையிலை ஆராய்ச்சி வரலாறு’ என மற்றோர் இடுகை எழுதினால் அதுவும் அவ்விடத்திலேயே அறுபடும். இரண்டாம் எண் பெற்றே பிரிந்து நிற்கும். ஆங்கிலத் தலைப்புக்கு ஓரெழுத்துக்கு ஓரிடம் போதும். இக்கணக்கு வகுத்தோர் தமிழை எண்ணி வகுக்கவில்லை என்பது வெளிப்படை.

முகவரி பற்றி மற்றொன்றும் ஆய்வேட்டாளர் கருத்தில் இருத்தற்பாலது. 2012 முதல் இந்தியாவினின்று படிப்போரைப் பிளாக்ஸ்பாட் தளம் ‘இன்’ என முடியும் முகவரிக்குத் திருப்பிவிட்டது. அக்காலத்து ஆய்வாளர் உலாவியில் கண்டவாறே அம்முகவரியை அடிக்குறிப்புகளில் எழுதினர். 2018இல் அவ்வழக்கம் கைவிடப்பெற்றது. 2020இல் அப்பெயரே கூகுளின் உடைமையினின்று நீங்கிப் பிறர் கைக்குச் சென்றது. அவ்வடிக்குறிப்புகள் இடுகையைக் காட்டமாட்டா. எனினும் ஈண்டு இழப்பு மேற்கோளுக்கே யன்றிப் பாடத்திற்கு அன்று: ‘இன்’ என்பதனைக் ‘காம்’ என மாற்றின், ஆசிரியர் நீக்காத வரை இடுகை கிடைக்கும். ஆய்வேட்டை நூலாக்குவோர் இத்துணைச் சிறு திருத்தத்தையேனும் செய்தல் கடன்.

இனி, பொறியின் பிழையினும் ஆழ்ந்து நோக்கற்பாலது ஆசிரியரின் செயல். பழைய இடுகைகளைப் புதுத் தளத்திற்குக் கொணர்வார், அவற்றை மீண்டும் படிக்கின்றார், படிக்குங்கால் திருத்துகின்றார். ஒற்றுப்பிழை நீக்குதலோடு அது நிற்பதில்லை. பேச்சு வழக்கில் எழுதிய தொடர் எழுத்து வழக்காகின்றது; ஒருவரைப் பற்றிய கடுஞ்சொல் மறைகின்றது; பின்னர்ப் பொய்த்த கணிப்பு காணாமற் போகின்றது. தம் நூலைத் திருத்தும் உரிமை ஆசிரியர்க்கு உண்டு. அதனை மறுப்பார் யார்? ஆயின் திருத்திய பாடம் பழைய நாளையே தலையில் தாங்கி நிற்கின்றது. அச்சு நூலாயின் ‘திருத்திய இரண்டாம் பதிப்பு’ என்னும் ஒரு வரி நம்மை எச்சரித்திருக்கும். 2006ஆம் ஆண்டின் வலைப்பதிவு உரைநடை பேச்சு வழக்கினின்று எவ்வளவு விலகியிருந்தது என ஆராயப் புகுந்த மாணவர், பத்தாண்டு கழித்துத் திருத்தப்பெற்ற தொடரைச் சான்று காட்டி முடிவு கூறுவாராயின், அம்முடிவு எவ்வளவு நுட்பமாக வரையப்பெற்றதாயினும் நில்லாது. முதற்பாடம் வேண்டுவோர், பழைய தளம் இருப்பின் அதனையும், இன்றேல் இணைய ஆவணகத்தின் வேபேக் படிகளையும் ஒப்பிட்ட பின்னரே மேற்கோள் காட்டுதல் முறை. அப்படிகளிலும் சில வேளை படங்கள் இரா; பாடம் இருக்கும்.

இவ்விடத்தே மதுரைத் திட்டத்தார் காட்டிய நெறி நினைக்கத் தக்கது. 1998 பொங்கலன்று தொடங்கிய அத்திட்டத்தின் மின்னூல்கள் குறிமுறை மாற்றங்களைக் கடந்து ஒருங்குறிக்கு வந்துள்ளன. மின்னூல்களின் முகப்பிலே உள்ளிட்டவர் இன்னார், பிழை பார்த்தவர் இன்னார் என்னும் குறிப்பு அமைந்துள்ளது. ஏட்டின் இறுதியில் எழுதி முடித்தவன் பெயரும் நாளும் பொறித்த பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்றே இதனைக் கொள்ளலாம். தம் இடுகைகளைத் தாமே பெயர்க்கும் எழுத்தாளரும், எந்தத் தளத்தினின்று எந்நாளில் பெயர்த்தார், திருத்தினாரா இல்லையா என ஒரு வரி சேர்த்தல் அரிய செயலன்று.

பின்னூட்டங்கள் பற்றி ஒரு சொல். பெயர்ப்போருட் சிலர் இவற்றை விட்டுச்செல்கின்றனர். பயனில் வம்பு எனக் கருதுவர் போலும். பின்னூட்டத்தில் எழுந்த வினாவிற்கு விடையாகவே அடுத்த இடுகை எழுதப்பெற்ற இடங்கள் பல. அங்ஙனம் எழுதியது, ‘நேற்று நண்பர் கேட்டதற்கு’ எனத் தொடங்கும். கேட்டவரும் கேள்வியும் பழைய தளத்தோடு நின்றுவிட, புதுத் தளத்தில் விடை மட்டும் நிற்கின்றது.