கனமாகத் தெரிய வேண்டும், கனக்கக் கூடாது

ஆளுயரத்துக்கு மேல் ஒரு மிருகத்தை ஃபோமில் செய்து நிறுத்தினால், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தோலைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். செதில் எவ்வளவு நுணுக்கம், கண் எப்படி மினுங்குகிறது, பெயிண்ட் எத்தனை கோட் என்று பேச்சு அங்கேயே நின்றுவிடும். சினிமா மிருகங்களைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதோட எடையை யார் சுமக்கிறார்கள்?

ஏன் இந்தக் கேள்வி முக்கியம் என்பதற்கு ஒரே பட்டறையில் உருவான இரண்டு மிருகங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 'ஏலியன்ஸ்' (1986) படத்தின் ராணி. இன்னொன்று 'ஜுராசிக் பார்க்' (1993) படத்தின் டி. ரெக்ஸ். இரண்டும் ஸ்டான் வின்ஸ்டன் குழுவின் வேலை. வின்ஸ்டன் 1972-ல் கலிஃபோர்னியாவில் தன் வீட்டு கராஜில் தொழிலை ஆரம்பித்தவர். வீட்டுப் பட்டறைக்காரனின் புத்தி ஒரு மிருகத்தில் கடைசிவரை கூடவே இருந்தது, இன்னொன்றில் பணமும் எந்திரமும் அதை ஓரமாகத் தள்ளிவிட்டன என்பது என் கட்சி.

முதலில் கொஞ்சம் கணக்கு. கலிலியோ 1638-லேயே எழுதிவிட்ட விஷயம்தான். ஒரு உருவத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கினால் நீளம் 5 மடங்கு, மேற்பரப்பு 25 மடங்கு, கன அளவு 125 மடங்கு. எலும்பின் பலம் அதன் குறுக்கு வெட்டைப் பொறுத்தது, அதாவது 25 மடங்குதான் கூடும். ஆனால் அதே பொருளில் செய்தால் எடை 125 மடங்கு கூடிவிடும். மேசைமேல் ஜம்மென்று நிற்கிற களிமண் மாடலின் கால், பெரிதானதும் ஐந்து மடங்கு அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். ஆகவே பெரிய மிருகம் என்பது சின்ன மிருகத்தின் ஜெராக்ஸ் அல்ல. பெரிதாக்கும்போதே அது வேறொரு பொறியியல் பிரச்சினையாக மாறிவிடுகிறது.

இங்கேதான் ஃபோம் வருகிறது. மெத்தைக் கடையில் வாங்குகிற சோஃபா ஃபோம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு தலை செய்கிறீர்கள், அதன் கன அளவு அரை கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க ஃபோமாலேயே அடைத்தால் 15 கிலோ. பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். 15 கிலோ என்றால் ஒரு குடம் தண்ணீர். இடுப்பில் வைத்து நடந்துவிடலாம். நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள் பார்க்கலாம். மிருகத்தின் கழுத்து செய்கிற வேலை அதுதான்.

அதே தலையை ஒரு அங்குல ஓடாகச் செய்தால் என்ன ஆகும்? மேற்பரப்பு சுமார் 4 சதுர மீட்டர், ஓட்டின் கன அளவு 0.1 கன மீட்டர், எடை 3 கிலோ. வெளியே பார்க்கிறவர்களுக்கு இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. கழுத்துக்குத் தெரியும். அந்த 12 கிலோவைத் தவிர்த்தது யாருடைய முடிவு, எந்தக் கட்டத்தில் எடுத்த முடிவு என்று தேடுவதுதான் இந்தக் கலையைப் பற்றிய விமர்சனமாக இருக்க முடியும் என்று நினைக்கிறேன். செதிலை எண்ணுவது ரசனை, அவ்வளவுதான்.

இனி ராணிக்கு வருவோம். உருவத்தை வரைந்தவர் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன். 14 அடி உயரம், இரண்டு பெரிய கை, இரண்டு சின்னக் கை, பின்னால் நீண்டு போகிற தலை. உள்ளே இரண்டு ஆட்களை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பெரிய கை, ஒரு சின்னக் கை என்று கொடுத்துவிட்டால் நான்கு கையும் உயிரோடு அசையும் என்பது யோசனை. கேட்கவே கிறுக்குத்தனமாக இருக்கிறது. அதனால் அவர்கள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? தோலும் செய்யவில்லை, அச்சும் எடுக்கவில்லை. ஃபோம் அட்டை, பனிச்சறுக்குக் கம்பு, கறுப்புக் குப்பைப் பை. இவற்றை வைத்து முழு அளவில் ஒரு டம்மி செய்து, உள்ளே இரண்டு ஆட்களை ஏற்றி, கிரேனில் தொங்கவிட்டு வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். குப்பைப் பை சோதனை என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

எனக்கு இந்தச் சோதனை படத்தின் இறுதிச் சண்டைக்குச் சமமான சாதனை. கறுப்புப் பை காற்றில் படபடக்கிறது, கம்பு கம்பாகவே தெரிகிறது, ஆனாலும் அது ஒரு பிராணி மாதிரி அசைகிறது. அங்கேயே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எடையைச் சுமக்கப் போவது கிரேன். மிருகத்தின் கால் தரையில் இருக்கும், ஆனால் தாங்காது, வெளியிலிருந்து கம்பியால் அசைக்கலாம். கிரேன் தெரியாமல் இருக்க இருட்டும் புகையும் இருக்கவே இருக்கிறது. இது முடிவான பிறகுதான் லேசான ஃபோமில் உடம்பு வந்தது. தோல் கடைசியில் வந்தது, வர வேண்டிய நேரத்தில் வந்தது. ராணி திரையில் கனமாகத் தெரிவதற்குக் காரணம் அவள் மெதுவாக, முழு உடம்பும் ஒன்றாக, தயங்கித் திரும்புவதுதான். அந்தத் தயக்கத்தைக் கண்டுபிடித்தது குப்பைப் பைதான்.

டி. ரெக்ஸ் கதை வேறு மாதிரி. முதலில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் அருமையான ஒரு சிற்பம் செய்தார்கள். பிறகு அதையே முழு அளவுக்குப் பெரிதாக்கி, களிமண்ணில் செதுக்கி, அச்செடுத்து, ஃபோம் ரப்பரில் தோல் செய்து, இரும்புச் சட்டத்தின்மேல் போர்த்தினார்கள். 20 அடி உயரம், சுமார் 40 அடி நீளம், எடை சுமார் 4 டன். விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற சிமுலேட்டர் போன்ற ஹைட்ராலிக் மேடையில் அது உட்கார்ந்திருந்தது. ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு எலும்புக்கூட்டை நான்கு பேர் கையால் அசைத்தால், பெரியது அதைப் பார்த்து அப்படியே அசையும். அந்தக் காலத்துக்கு அது பிரமாதமான வேலை, சந்தேகமே இல்லை.

பிறகு மழைக் காட்சி. ஃபோம் ரப்பர் தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்தது. உலர்ந்த எடைக்குச் சரிபார்த்து வைத்திருந்த ஹைட்ராலிக் அமைப்பு, கூடிக்கொண்டே போகிற எடையைச் சமாளிக்க முடியாமல் மிருகத்தை வெடவெடவென்று நடுங்க வைத்தது. டேக்குக்கு டேக் ஆட்கள் ஏறித் துவட்ட வேண்டியதாயிற்று.

எவ்வளவு உறிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் சோஃபா ஃபோமையே எடுத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்குச் சுமார் 97 பங்கு காற்று. மேலே சொன்ன 3 கிலோ ஓடு முழுசாக நனைந்தால், கணக்குப்படி கிட்டத்தட்ட 100 கிலோ. வடிந்தது போக மிச்சத்தைப் பாதி என்று வைத்தாலும் 50 கிலோ. ஃபோம் ரப்பர் இதைவிட அடர்த்தியானது, அதனால் எண் மாறும். ஆனால் தன்மை மாறாது. நனையாத ஃபோமும் உண்டு. யோகா பாயில் வருகிற ஈ.வி.ஏ., பேக்கிங்கில் வருகிற பாலிஎதிலீன் ஃபோம் எல்லாம் மூடிய அறைகள் கொண்டவை, தண்ணீர் உள்ளே போகாது. அவை ரப்பர் மாதிரி சுருங்கி விரியாது, அதனால் தாடை அசைகிற தோலுக்கு உதவாது. எல்லாப் பொருளும் ஏதாவது ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொள்கிறது. எதைக் கொடுக்கத் தயார் என்பதை முதல் நாளே முடிவு செய்தார்களா என்பதுதான் கேள்வி.

இதைவிட எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது இன்னொன்று. அந்தப் படத்தில் டி. ரெக்ஸின் கனத்தை நீங்கள் முதலில் எப்போது உணர்ந்தீர்கள்? மிருகம் வருவதற்கு முன்னாலேயே. காரின் டேஷ்போர்டில் இருக்கிற தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழும்புகிறதே, அங்கே. அதைச் செய்தது அடியில் கட்டி விட்ட ஒரு கிடார் கம்பி. 4 டன் எந்திரம் சொல்ல வேண்டியதை ஒரு கம்பி சொல்லி முடித்துவிட்டது. இந்த ஒரு ஷாட்டே என் வாதத்துக்குப் போதும். கனம் என்பது பார்வையாளனின் மனசில் உண்டாக்க வேண்டிய ஒன்று. அதை உண்டாக்கப் பொருளின் நிஜ எடை தேவையே இல்லை, பல நேரம் இடைஞ்சல்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. காரின் கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு அந்தத் தலை உள்ளே அழுத்துகிற இடத்தில் குழந்தைகளின் முகத்தில் தெரிகிற பயம், எதிரே நிஜமான ஒரு பாரம் இருந்ததால் வந்தது. கிடார் கம்பியால் அதைச் செய்ய முடியாது. ஆனால் கவனியுங்கள், அந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டது ஒரு தலையும் கழுத்தும்தான். முழு உடம்போடு அது நடந்து வருகிற, ஓடுகிற இடங்களைக் கம்ப்யூட்டர் வரைகலைக்குக் கொடுத்துவிட்டார்கள். 40 அடி உடம்பு அவசியமா என்ற கேள்விக்குப் படமே பதில் வைத்திருக்கிறது.

இது 1933-லேயே தெரிந்த பாடம். 'கிங் காங்' படத்துக்கு இரண்டு விதமான காங் செய்தார்கள். ஒன்று, உலோக மூட்டுகளின்மேல் பஞ்சும் ரப்பரும் வைத்து மார்செல் டெல்காடோ செய்த சுமார் ஒன்றரை அடி பொம்மை. இன்னொன்று, கரடித் தோல் போர்த்திய பிரம்மாண்டமான தலையும் மார்பும். அதன் உள்ளே மூன்று பேர் இருந்து முகத்தை அசைத்தார்கள். இன்றைக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய தலை வருகிற குளோசப் எல்லாம் கடை வாசல் பொம்மை மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றரை அடி பொம்மைதான் துடிக்கும், யோசிக்கும், செத்துப்போகும்.

அந்தப் பொம்மையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன 13 வயதுப் பையன்தான் ரே ஹாரிஹவுசன். அம்மாவின் பழைய ஃபர் கோட்டை வெட்டி ஒரு குகைக் கரடி செய்தார். வேலை பார்த்தது வீட்டு கராஜில். மிருகங்களுக்கு உலோக மூட்டு கடைந்து கொடுத்தது மெஷினிஸ்டான அப்பா, தன் கடைசிக் காலம் வரை. அந்தக் குடும்பத்தில் யார் எலும்பு, யார் தோல் என்று யோசித்தால் எனக்கு அப்பாதான் முதலில் ஞாபகம் வருகிறார்.

இப்போது வீட்டில் பெரிய ஃபோம் மிருகம் செய்கிறவர்களிடம் எனக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, டம்மி செய்யாமல் நேராகத் தோலுக்குப் போவது. மென்பொருள் துறையில் ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல், முதலில் செய்வதைத் தூக்கிப் போடத் தயாராக இரு என்று அறிவுறுத்தினார். 1995 பதிப்பில் அது ரொம்ப எளிமைப்படுத்திச் சொன்னது என்று அவரே திருத்தினார். மென்பொருளுக்கு அந்தத் திருத்தம் சரி. அட்டைப்பெட்டிக்கும் பி.வி.சி. குழாய்க்கும் பழைய சொல்லே போதும். நான் மொட்டைமாடியில் ஒரு தலை செய்தபோது, முதல் இரண்டு ஞாயிறும் அட்டை, குழாய், பழைய பெட்ஷீட்டோடு போயின. செலவு ஒன்றுமில்லை. கழுத்து எந்த இடத்தில் தொய்கிறது, மாடிக் கதவில் எது நுழையாது, தலையை எங்கே இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெட்ஷீட் சொன்னதுதான். அதற்கப்புறம்தான் ஃபோமில் கத்தி வைத்தேன்.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. செய்முறை காட்டுகிறவர்கள் நாற்றத்தைக் காட்டுவதில்லை. தெர்மாகோலைச் சூடான கம்பியால் வெட்டினால் ஸ்டைரீன் ஆவி வரும். சோஃபா ஃபோமைச் சூட்டால் வெட்டவே கூடாது, பாலியூரித்தேன் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். அதற்குக் கத்திதான், ரம்பம்தான். ஒட்டுகிற கான்டாக்ட் பசையின் கரைப்பான் சட்டென்று தீப்பிடிக்கும், தெர்மாகோலில் பட்டால் கரைத்தும் விடும். ஸ்டுடியோவில் இதற்கெல்லாம் காற்றுப் போக்கி இருக்கும். வீட்டில் அடுத்த அறையில் குழந்தை தூங்கும், சமையலறையில் அடுப்பு எரியும். தோலின் அழகை அரை மணி நேரம் காட்டுகிறவர் ஜன்னலை ஒரு நிமிஷம் காட்டக் கூடாதா? காட்டாததை நான் வேலையின் குறையாகவே எண்ணுவேன். எடையைப் போலவே இதுவும் யாரோ ஒருவர் தலையில் போய் விழுகிற சுமை.

ஆகவே அடுத்த முறை ஒரு பெரிய ஃபோம் மிருகத்தைப் பார்க்கும்போது, முகத்தை விட்டுவிட்டுக் கழுத்து தோளோடு சேர்கிற இடத்தைப் பாருங்கள். பிறகு கால் தரையைத் தொடுகிற இடம். அங்கே பாரம் எப்படி இறங்குகிறது, நிஜமாக எங்கே போகிறது, எங்கே போவதாக நம்மை நம்ப வைக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அவ்வளவு யோசித்திருக்கிறார் செய்தவர்.