முழுத் துணியும் ஒற்றைத் தையலும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் துணிசார்ந்த கைவினைகளைக் கற்பிக்கும் பட்டறைகள் இன்று ஒரு தனிச் சந்தையாகவே வளர்ந்துள்ளன. பழைய பிரபுக்களின் மாளிகைகளிலும் திருத்தியமைக்கப்பட்ட தானியக் கொட்டகைகளிலும் இவை நடைபெறுகின்றன. நெசவு, நூல் நூற்றல், தாவரச் சாயமிடல், பூத்தையல், கிழிந்ததைத் தைத்துப் புதுப்பித்தல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகுப்புகள். இரண்டு நாள் முதல் ஒரு கிழமை வரை அங்கேயே தங்கி, உண்டு, உறங்கிக் கற்கலாம். இவ்வாறு தங்கிக் கற்பதற்கு 'ரிட்ரீற்' என்று பெயர். விலகிச் செல்லல் என்பது அதன் பொருள். யார் எதிலிருந்து விலகிச் செல்கிறார்கள், அங்கே யாருக்கு எது கற்பிக்கப்படுகிறது என்ற கேள்விகளை இங்கு எழுப்ப விரும்புகிறேன்.

எம்மவர் மத்தியில் இதுபற்றி இரண்டு நிலைப்பாடுகள் உள்ளன. முதலாவது, சிரித்துவிட்டுப் போவது. நான் ஒரு சாயப் பட்டறைக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது, என்னோடு வேலைசெய்யும் வடமராட்சிக்காரர் ஒருவர் கேட்டார்: "காசு குடுத்து வேலை பழகப் போறியளோ, சேர்?" மற்றையது இடதுசாரி நண்பர்களுடையது. இவையெல்லாம் வசதிபடைத்த மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்கு, உழைப்பை விளையாட்டாக்கும் போலித்தனம் என்பது அவர்களது தீர்ப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டுமே போதாதவை. இப்பட்டறைகளின் உள்ளே மிகப் பெறுமதியான ஒன்று இருக்கிறது. அது யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதுதான் பிரச்சினை. அதைப் பார்க்காமல் சிரிப்பதும் சரி, தீர்ப்பு வழங்குவதும் சரி, எம்மை எங்கும் கொண்டுசெல்லப் போவதில்லை.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் பல்கலைக்கழக விரிவுரையாளனாக இருந்தேன். இங்கு பதினொரு வருடங்களாக ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் வேலை. மெத்தையின் மேற்துணியையும் பக்கத்துணியையும் ஒரு நாடாவால் இணைத்து, சுற்றிவரத் தைக்கும் இயந்திரம் என்னுடையது. மெத்தை அசையாது கிடக்கும். இயந்திரமும் நானும் அதைச் சுற்றி வருவோம். மூலைகளில் மட்டும் கை நிதானிக்க வேண்டும். அத்துணி எங்கே நெய்யப்பட்டது, அதன் நூல் எது, ஏன் அந்தப் பின்னல் என்பன பற்றி எவரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் தொழிற்சாலைக்கு இல்லை. எனக்கு அளிக்கப்பட்ட பயிற்சி ஒன்றரை நாள். அதில் பாதி, தீ விபத்து நேர்ந்தால் எந்த வாசலால் வெளியேறுவது என்பது.

சென்ற கோடையில் மகள் கட்டணம் செலுத்தியதால் ஒரு இருநாள் சாயப் பட்டறைக்குச் சென்றேன். அக்கட்டணம் எனது நான்கு நாட் கூலிக்குக் குறையாது. பன்னிரண்டு பேர் இருந்தோம். பெரும்பாலானோர் ஓய்வுபெற்ற பெண்கள். ஆசிரியைகள், ஒரு மருத்துவர், ஒரு கணக்காளர். ஆண்கள் இருவர். வெள்ளையரல்லாதவன் நான் ஒருவனே.

கற்பித்தல் சிறப்பாக இருந்தது என்பதை ஒளிக்கத் தேவையில்லை. அவுரித் தொட்டி ஒன்றை ஆரம்பத்திலிருந்தே தயாரித்தோம். ஒரு பங்கு அவுரித்தூள், இரண்டு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு பழச்சர்க்கரை. அவுரி நீரில் கரையாது. சுண்ணாம்பின் காரத்தில் சர்க்கரை அதை ஒடுக்கி, கரையும் நிலைக்குக் கொண்டுவருகிறது. அப்போது தொட்டி நீலமாக இருப்பதில்லை. மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். துணியை அமிழ்த்தி எடுத்தால் அதுவும் பச்சையாகவே வரும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாக மாறும். ஒருமுறை அமிழ்த்தினால் வெளிர்நீலம். ஆழ்ந்த நீலம் வேண்டுமானால் மீண்டும் மீண்டும் அமிழ்த்திக் காற்றில் பிடிக்கவேண்டும். மறுநாள் மஞ்சிட்டி இன வேரில் சிவப்பு. துணியை முதலில் படிகாரத்தில் ஊறவைக்காவிட்டால் அந்தச் சிவப்பு நிற்காது. சூடு மிஞ்சினால் சிவப்பு மண்ணிறமாகும்.

இவற்றை விபரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு செயலுக்கும் ஏன் என்ற விளக்கம் அங்கே கிடைத்தது. பிழைவிட அனுமதி இருந்தது. துணி திட்டுத்திட்டாகச் சாயமேறியபோது, எங்கே காற்று அகப்பட்டது என்று ஆராய நேரம் தரப்பட்டது. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு பொருளை ஒருவரே செய்து, அதைத் தன்னுடையது என்று மடித்துக் கொண்டுபோகலாம். தொழிற்சாலையில் இவற்றில் ஒன்றுமே கிடையாது. அங்கு பிழை என்பது கழிவு. ஏன் என்ற கேள்வி என்பது தாமதம். நாங்கள் விலைகொடுத்து வாங்கியது சாயமிட்ட துணியை அல்ல. முழுச் செயலையும் அறியும் உரிமையை.

எனது விமர்சனமும் இங்கிருந்தே தொடங்குகிறது. துணியோடு வாழ்நாளைக் கழிப்பவர்களுக்கு ஒற்றைத் தையல் மட்டும் கற்பிக்கப்படுகிறது. துணியால் வாழவேண்டிய அவசியமற்றவர்களுக்கு முழுத் துணியும் கற்பிக்கப்படுகிறது. யுத்தம் முடிந்தபின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. அங்கே வேலைக்குச் சேரும் எமது பெண்பிள்ளைகள் கொலர் வைப்பார்கள், அல்லது பொக்கற் வைப்பார்கள். ஒரு முழுச் சட்டையை வெட்டித் தைக்க அந்த வேலை அவர்களுக்குப் பழக்குவதில்லை. இங்கே லெஸ்ரரில் சில தையற்கூடங்கள் சட்டபூர்வமான குறைந்தபட்சக் கூலிக்கும் மிகக் கீழே கொடுத்தமை 2020இல் பெரும் செய்தியானது. அங்கிருந்து சில மைல் தொலைவில் ஏதாவதொரு கொட்டகையில், 'கைகளால் தைப்பதன் அமைதி' விற்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இந்தப் பிளவு இயற்கையானதல்ல. 1972இல் லஃப்பரோ நகரில், மான்ஸ்ஃபீல்ட் ஹோசியரி மில்ஸ் என்ற பின்னலாடை ஆலையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களது கோரிக்கைகளுள் கூலி உயர்வும் இருந்தது. ஆனால் அப்போராட்டத்தைத் தனித்துவமானதாக்கியது வேறொன்று. கூடிய சம்பளமும் திறனும் கொண்ட பின்னல் இயந்திர வேலைகள் வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. அவ்வேலைகளுக்குத் தாமும் பயிற்றப்பட வேண்டும் என்று ஆசியர்கள் கேட்டார்கள். தொழிற்சங்கமும் அவர்களுக்கு முழுமனதோடு துணைநிற்கவில்லை. கற்றுக்கொள்ளும் உரிமைக்காகத் துணித் தொழிலாளர்கள் தெருவில் நின்ற அந்த வரலாறு எந்தப் பட்டறையின் சுவரிலும் தொங்குவதில்லை.

வரலாறு மறைக்கப்படுவது இப்பட்டறைகளின் இரண்டாவது குறைபாடு. அங்கே அவுரி 'ஆதி நீலம்' என்று அறிமுகமாகியது. 1859இல் வங்காள விவசாயிகள் அவுரி பயிரிட மறுத்துக் கிளர்ந்தெழுந்ததையோ, 1917இல் காந்தியைச் சம்பாரணுக்கு இழுத்தது அதே அவுரிதான் என்பதையோ எவரும் பேசவில்லை. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த காந்தாவும், யப்பானின் வடபகுதிக் குடியானவர்கள் கந்தையின்மேல் கந்தை வைத்துத் தைத்த 'போரோ'வும் இன்று தனித்தனி வகுப்புகளாக உள்ளன. வறுமை கண்டுபிடித்த தையல்கள் இவை. வறுமையைக் கழற்றிவிட்டுத் தையலை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் கைத்தறி மறுமலர்ச்சிக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. ஆனந்த குமாரசுவாமியை எமக்குத் தெரியும். அவரது முதல் மனைவி எதெல் பற்றி எம்மில் எத்தனைபேர் அறிவோம்? 1903 முதல் சில வருடங்கள் இருவரும் இலங்கையில் வாழ்ந்தனர். கிராமம் கிராமமாகச் சென்று கைவினைஞர்களைப் பார்த்தனர். எதெல் படங்கள் பிடித்தார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூல் அந்த அலைச்சலின் விளைவு. பின்னர் பிரிந்து, எதெல் மெய்ரே என்ற பெயரில் அவர் நெசவாளரானார். தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் நூல் எழுதினார். தென் இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்தில் தறிகளோடு ஒரு வீட்டை அமைத்து, கற்க வந்தவர்களுக்கு நூற்றல், சாயமிடல், நெசவு அனைத்தையும் பழக்கினார். இன்றைய தங்கிக் கற்கும் பட்டறைகளுக்கு ஒரு மூதாதை வேண்டுமானால், அந்த வீட்டைச் சொல்லலாம். கண்டிப் பகுதிக் கிராமங்களில் அவர் பார்த்த கைகளுக்கு அந்த வீட்டில் ஒரு பங்கு உண்டு. அக்கைகளுக்குரியவர்களின் பெயர்களைத்தான் எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

அதே வீட்டில் கற்ற மரியான் ஸ்ட்ரோப் என்ற சுவிஸ் பெண் வேறொரு வழியால் சென்றார். 1930களில் நலிந்துகொண்டிருந்த வேல்ஸ் கம்பளி ஆலைகளுக்கு ஆலோசகராகிப் புதிய வடிவங்களை நெய்யச்செய்தார். பிற்காலத்தில் லண்டன் பேருந்துகளின் இருக்கைத் துணி ஒன்றும் அவரது வடிவமைப்பிலேயே வந்தது. வேலைக்குப் போகும் எவரும் அதில் அமர்ந்திருக்கலாம். கைத்தறியில் பெற்ற முழு அறிவு ஆலைக்குத் திரும்பமுடியும் என்பதற்கு அவர் உதாரணம். இன்றைய பட்டறைகளில் அறிவு ஆலையை நோக்கித் திரும்புவதில்லை; ஆலை இருப்பதாகவே அங்கே எவரும் காட்டிக்கொள்வதில்லை.

வில்லியம் மொறிஸின் முரண்பாடு இதுதான். சாயமிடலைத் தன் கைகளாலேயே கற்றவர் அவர். 1883இல் சோசலிசவாதியானார். எனினும் அவரது துணிகளை வாங்கியவர்கள் செல்வந்தர்கள். அவர் அதை அறிந்திருந்தார். அந்த அறிதல்தான் அவரை அரசியலுக்குத் தள்ளிய காரணங்களுள் ஒன்று. இன்று அவரது பூக்கோலங்கள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. அந்த மனச்சங்கடத்தைத்தான் காணவில்லை.

அவ்வாறாயின் வேறு வழி இருந்ததில்லையா? இருந்தது. கிராமப்புறப் பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பு 1948இல் ஒக்ஸ்போட்டுக்கு அருகே டென்மன் கல்லூரியைத் திறந்தது. வீட்டு வேலையிலிருந்து சில நாட்கள் விடுபட்டு வந்த பெண்கள் அங்கே தங்கிக் கற்றார்கள். விலகிச் செல்லல் என்ற சொல்லுக்கு அங்கே நேர்மையான ஒரு பொருள் இருந்தது. 2020இல் அது நிரந்தரமாக மூடப்பட்டது. லண்டனின் உட்பகுதிக் கல்வி அதிகாரசபை மிகக் குறைந்த கட்டணத்தில் மாலைநேர வகுப்புகளை நடத்தியது. 1990இல் அச்சபையே கலைக்கப்பட்டது. பொதுக் கல்வி பின்வாங்கிய இடத்திற்குச் சந்தை வந்து சேர்ந்துள்ளது. எனவே மாளிகைகளில் கற்பிப்போரைத் திட்டுவதில் பயனில்லை. அவர்களிற் பலரும் நிலையான வேலையற்ற கைவினைஞர்களே. எமக்குக் கற்பித்தவர், தறியால் மட்டும் வாடகை கட்ட முடியாததால்தான் கற்பிக்க வந்ததாகச் சொன்னார்.

இனி எம்மிடம் வருவோம். பட்டறையில் ஓர் அம்மையார் என்னிடம் அன்பாகக் கேட்டார்: உங்கள் நாட்டில் இதெல்லாம் வீட்டுக்கு வீடு பரம்பரையாக வருமாமே? இல்லை என்றுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. எமது சமூகத்தில் துணியும் சாயமும் வீட்டுக்கு வீடு வரவில்லை; சாதிக்குச் சாதி வந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலங்களில் கிடைத்த சாயவேர், துணிக்குச் சிவப்பு ஏற்ற மிகவும் வேண்டப்பட்ட பண்டமாக இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அதைத் தோண்டிக் கொடுப்பது குறிப்பிட்ட சாதியினர்மேல் சுமத்தப்பட்ட கடமை. அச்சிவப்பை உடுத்தவர்கள் வேறு. வேர் தோண்டியவர்கள் வேறு. கை வேலையை இழிவாகவும் ஏட்டுப் படிப்பை உயர்வாகவும் கருதும் எமது மனப்பான்மைக்கு இந்த வரலாறுதான் அத்திவாரம். "காசு குடுத்து வேலை பழகப் போறியளோ" என்ற கேள்வியின் அடியிலும் அது கிடக்கிறது. வேலை என்பது பழகவேண்டிய அறிவல்ல, பிறப்பாலோ வறுமையாலோ தலையில் விழுவது என்ற எண்ணம் அது.

எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளைப் பாருங்கள். பரதம் உண்டு, மிருதங்கம் உண்டு, அரங்கேற்றத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண் செலவு உண்டு. அந்த அரங்கேற்றத்துக்கான சட்டைகளைத் தைப்பவர் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய அறையில் இருக்கும் பெண். உடலை அளந்து, துணியை வெட்டி, பொருத்திப் பார்த்து, பிரித்து, மீண்டும் தைப்பவர். முழுத் துணியையும் அறிந்தவர். அவரை நாம் 'தையல்காரி' என்கிறோம். நட்டுவாங்கம் செய்பவரை 'குரு' என்கிறோம். பனையோலைக்குச் சாயமேற்றிப் பெட்டியும் பாயும் பின்னத் தெரிந்த மூதாட்டிகள் எம் வீடுகளின் மூலைகளில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போனபின் பன்னவேலையை எமது பேரப்பிள்ளைகள் ஏதாவது மாளிகையில் நானூறு பவுண் கட்டிக் கற்பார்கள். அப்போது அது கலாசாரம் ஆகிவிடும்.

எனது முன்மொழிவு சிறியது. பாடசாலை மண்டபங்கள் சனிக்கிழமைப் பிற்பகல்களில் வெறுமனே கிடக்கின்றன. மிருதங்க ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே ஊதியத்தைக் கொடுத்து, அந்தத் தையல் தெரிந்த பெண்ணையும் ஓலை தெரிந்த மூதாட்டியையும் ஆசிரியர்களாக அழைக்கவேண்டும். ஆண்பிள்ளைகளும் இருந்து கற்கவேண்டும். தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் நாங்களும் வரவேண்டும். அங்கே ஏன் என்ற கேள்விக்கு இடமிருக்கவேண்டும், பிழைக்கும் இடமிருக்கவேண்டும். இந்தச் சேலை யாரால் நெய்யப்பட்டது, அவருக்கு என்ன கிடைத்தது என்பதும் பாடத்தின் பகுதியாக வேண்டும். இதனால் எனது இயந்திரத்தின் வேகம் குறையப்போவதில்லை, கிளிநொச்சிப் பெண்ணின் கூலி உயரப்போவதுமில்லை. ஆனால் அறியும் உரிமையைக் கேட்காத ஒரு சமூகம் கூலியையும் உரத்துக் கேட்பதில்லை என்பதை லஃப்பரோவின் ஆசியர்கள் எமக்குக் காட்டிச் சென்றுள்ளார்கள்.

தமிழ்ப் பாடசாலைகளின் நிர்வாகங்களில் இருப்போர் இதற்குப் பதில் எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். முடியாது என்பவர்கள், மண்டபமில்லை என்பதா, பணமில்லை என்பதா, அல்லது அந்தப் பெண்ணை 'ரீச்சர்' என்று அழைக்க வாய் வரவில்லை என்பதா காரணம் என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.