மீராவின் மெல்லிய புத்தகங்கள்

எங்கள் வலையபட்டி வீட்டுத் திண்ணையில் ஒரு மதியத்துக்குள் வாசித்துவிடலாம், சிவகங்கைக் கவிஞர் மீராவின் 'கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்' தொகுப்பை. 1971-இல் வந்தது. காதல் கவிதைக்குக் கணக்குப் பாடம் போல ஒரு தலைப்பு! உள்ளே யாப்பின் கட்டு இல்லை. பேச்சின் மூச்சு நிற்குமிடத்தில் வரி முறிகிறது. காதலியிடம் பேசும் குரல் கெஞ்சினாலும் குழைவதில்லை. மேடைக் கவிதை கொடிகட்டிப் பறந்த காலத்தில் அந்த அடக்கம் பெரிது. 'ஊசிகள்' தொகுப்பில் அதே ஆள் அரசியலைக் குத்துகிறார். சுருக்கென்று இருக்கும், ஆனாலும் என் ஓட்டு முன்சொன்ன நூலுக்கே. 'குக்கூ' தொகுப்பு இன்னும் சிக்கனம். எண்ணிக்கையில் அதிகம் எழுதியவரல்லர். கல்லூரிப் பேராசிரியர் வேலையோடு 'அன்னம்' பதிப்பகமும் நடத்தி, எழுத்தாளர் கி. ராஜநாராயணன் போன்றோரின் புத்தகங்களை அச்சேற்றிக்கொண்டிருந்தவருக்குத் தன் கவிதைக்கு நேரம் ஏது?