அமர இடம் உண்டு, அமர நேரம்?

உட்காருவதற்கு ஒரு சட்டமா? கேட்பவர் நகைப்பார், நிற்பவள் நகைக்கமாட்டாள்.

2021ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் ஒரு சட்டமுன்வடிவைக் கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்றொரு பிரிவு புதிதாகச் சேர்ந்தது. கடையில் பணிபுரிவோர் அனைவருக்கும் தக்க இருக்கை இருக்கவேண்டும். பணியினூடே அமர வாய்ப்பு நேர்ந்தால் அவர்கள் அமர்ந்துகொள்ளவேண்டும். நாளெல்லாம் கால்கடுக்க நிற்கும் நிலை ஒழியவேண்டும். இதுதான் அந்தப் பிரிவின் பிழிவு.

நல்ல சட்டம்; வரவேற்போம். வரவேற்றபின் வரிவரியாகப் படித்தும் பார்ப்போம். செய்யுளொன்றின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு இரவெல்லாம் வாதிடும் புலவர் பெருமக்கள் நம்மிடையே உண்டு. ஏழைப் பெண்ணின் கால் நரம்பைத் தொடுகின்ற சட்டத்தின் சொல்லை அவ்வாறு ஆராய்ந்தால் குற்றமா என்ன?

முதலில் காலக்கணக்கு. இங்கிலாந்து நாட்டில் கடைப் பெண்களுக்கு இருக்கை தரவேண்டும் என்ற சட்டம் 1899இல் வந்தது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று அது எண்ணிக்கையும் சொல்லிற்று. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்வோர்க்கு இருக்கை வசதி வேண்டும் என்று 44ஆம் பிரிவில் கூறிற்று. ஆலைக்குள் நுழைந்த அந்த நாற்காலி, தமிழ்நாட்டுக் கடையின் வாயிற்படியைத் தாண்ட 73 ஆண்டுகள் ஆயின! கேரளம் 2018இல் முந்திக்கொண்டது. அதுவும் ஆள்வோர் தாமாக அருளியதன்று. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், விஜி என்னும் தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் திரட்டினார். முதலில் கழிப்பிடம் கேட்டார், பிறகு இருக்கை கேட்டார். சிறுநீர் கழிக்க ஓர் இடம் வேண்டும் என்று பெண்கள் போராட நேர்ந்தது, விண்ணில் கோள்களை ஏவிக்கொண்டிருந்த அதே நாட்டில்தான்.

நம் சட்டத்துக்குப் பதினோராண்டு முன்பே ஒரு திரைப்படம் இந்தக் குறையைப் பேசிற்று. வசந்தபாலன் இயக்கி, ஜெயமோகன் உரையாடல் எழுதி, 2010இல் வெளிவந்த 'அங்காடித் தெரு'. சென்னை இரங்கநாதன் தெருவின் ஒளிவெள்ளத்துக்குப் பின்னே எத்தனை இருள் என்பதைக் காட்டிய படம். தெற்கேயிருந்து பிழைப்புத் தேடி வந்த பிள்ளைகள், துணிக்கடையில் நின்று, நின்று, கண்காணிப்பாளனிடம் அடியும் வசையும் பெற்று, கொட்டடி போன்ற விடுதியில் படுத்து எழுகிற வாழ்க்கையை அது துணிந்து காட்டியது. பாராட்டுக்குரிய துணிவு. எனினும் இரண்டு இடங்களில் படம் தடம் மாறுகிறது என்பது என் கருத்து.

ஒன்று, கொடுமை அனைத்தையும் ஒரு கண்காணிப்பாளன் தோளில் ஏற்றிவிடுகிறது. பெயரே கருங்காலி! பார்ப்பவன் அவன்மேல் காறி உமிழ்ந்துவிட்டு, நெஞ்சம் லேசாகி வீட்டுக்குப் போகிறான். கருங்காலியை நீக்கிவிட்டு ஒரு கனிவாளனை அங்கே நிறுத்தினாலும், பத்து மணிநேரம் பத்து மணிநேரந்தானே? இரண்டு, கதையின் முடிவு. நடைபாதையில் உறங்கியவர்கள்மேல் ஒரு வண்டி ஏறுகிறது. நாயகி கனி கால்களை இழக்கிறாள். காதலன் கைவிடாமல் மணந்துகொள்கிறான், கண்ணீர் பெருகுகிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அந்தக் கால்களை நாள்தோறும் அரித்துக்கொண்டிருந்தது கடை, முறித்த பழியோ வண்டியின்மேல் விழுகிறது. விபத்துக்கு எவர் என்ன செய்யமுடியும் என்ற பெருமூச்சோடு கொட்டகை காலியாகிறது. கடை கூண்டிலிருந்து நழுவிவிட்டது!

சட்டமும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இடறுகிறது. அமர "வாய்ப்பு நேரும்போது" அமரலாம் என்கிறதே, வாய்ப்பு நேர்ந்தது என்று தீர்ப்பளிப்பவர் யார்? வாங்க வந்தவர் வெளியேறியதும் குலைந்த புடவைகளை மடிக்கவேண்டும். மடித்ததும் தட்டில் அடுக்கவேண்டும். அடுக்கியதும் வாசற்பக்கம் பார்த்து நிற்கவேண்டும். உட்கார்ந்திருந்தால் வியாபாரம் படுத்துவிட்டதாக வெளியே தோன்றுமாம்! மணிக்கு இத்தனை நிமிடம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே நாற்காலி இருக்கும், சட்டம் நிறைவேறும். அதன்மேல் துணிக்கட்டு இருக்கும், பெண் நிற்பாள்.

இனிக் கீழ்பென்னாத்தூருக்கு வருவோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பேரூர். இங்கே இரங்கநாதன் தெரு இல்லை. ஏழடுக்கு மாளிகை இல்லை. துணிக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, படியெடுக்கும் கடை. பெரும்பாலானவற்றில் வேலைக்கு இருப்போர் இருவர், மூவர், மிஞ்சினால் ஐவர். சுற்றுச் சிற்றூர்களிலிருந்து காலைப் பேருந்தில் வந்து இரவுப் பேருந்தில் திரும்பும் பெண்களே அவர்களுள் மிகுதி. பள்ளி இறுதி முடித்தவர்கள் உண்டு. பட்டம் பெற்றவர்களும் உண்டு.

முழுநிலவு நாள்தோறும் அண்ணாமலையைச் சுற்றிப் பெருங்கூட்டம் நடக்கிறது. சுற்றுவழி 14 கிலோமீட்டர். நடந்து முடித்தவர் மறுநாள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, "என்ன வலி, என்ன வலி" என்பார். வீட்டார் வெந்நீர் வைத்துத் தருவர். அவர் நம்பிக்கை அவருக்கு. அவருக்கு வேட்டியும் துண்டும் எடுத்துப் போட்ட கடைப்பெண் அன்றும் நின்றாள், மறுநாளும் நின்றாள். அவளுக்கு வெந்நீர் வைப்பார் இல்லை, புண்ணியக் கணக்கிலும் பதிவு இல்லை. நடப்பதைவிட அசையாமல் நிற்பது கொடிது என்பது மருத்துவர் கூற்று. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து குருதியை மேலே தள்ளுகிறது. நின்றால் அந்த இறைப்பு நின்றுபோகிறது. குருதி காலில் தேங்குகிறது. நாளங்களின் தடுக்கிதழ்கள் தளர்கின்றன. நரம்பு சுருண்டு புடைக்கிறது. கருவுற்றவளுக்கு இந்த இடர் இன்னும் மிகுதி. கழிப்பிடம் இல்லாத கடையில் தண்ணீர் குடிக்கவே அஞ்சுகிறாள். அதனால் சிறுநீர்ப் பாதையில் நோய். இத்தனையும் எத்தகைய உடலின்மேல்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவைப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர் குருதிச்சோகை உடையவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் இரத்தம் குறைந்த உடலோடுதான் நிற்கிறார்கள்!

உடல்நலம் என்றதும் உடலைக் கவனிக்காமல் உற்பத்தியைக் கவனிப்பவர்களும் உண்டு. ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலிக்கு ஓய்வு தராமல், பெயரும் குறிப்பும் இல்லாத மாத்திரையைத் தந்து வேலையைத் தொடரச் செய்தார்கள் என்று, தமிழ்நாட்டுப் பெண்கள் ஏறத்தாழ நூறு பேரிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் செய்தி வெளியிட்டது. மருந்தா அது? பொறி நின்றுவிடாமலிருக்க ஊற்றும் எண்ணெய்!

இனிப் பேறுகாலம். 1961ஆம் ஆண்டின் பேறுகால நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, விடுப்பு 26 வாரம் ஆயிற்று. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ உழைக்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் ஆயிற்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இவற்றை ஏற்றுக்கொண்டது. உலகோர் மெச்சும் ஏற்பாடு. ஆனால் கடை என்றால் பத்துப் பேராவது வேலை செய்யவேண்டுமாம்! கீழ்பென்னாத்தூர்க் கடைத்தெருவில் அந்தப் பத்தை எங்கே போய்த் தேடுவது? ஒன்பது பேர் உள்ள கடையில் பிறக்கும் குழந்தைக்குப் பசி குறைவா? அதே ஊர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் பெண்ணுக்கு, 2021 சூலை முதல் 12 திங்கள் சம்பளத்தோடு விடுப்பு. நாம் மகிழ்கிறோம், அது அவள் உரிமை. சாலைக்கு இந்தப் பக்கம் துணி மடிக்கும் பெண்ணுக்கோ, வயிறு தெரியத் தொடங்கினால் வேலை போயிற்று. முத்துலட்சுமி அம்மையார் பெயரால் அரசு வழங்கும் பேறுகால உதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஏழைத் தாய்க்கு அது ஊட்டம் தரும், ஐயமில்லை. அவள் வேலையைக் காத்து வைத்திருக்குமா?

கடைக்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டால் இது தீராது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இரண்டு பேரை வைத்துக் கடை நடத்துபவர், ஒருத்திக்கு 26 வாரச் சம்பளத்தைத் தம் கல்லாவிலிருந்து எடுத்துத் தரவேண்டும் என்றால் என்ன செய்வார்? மணமான பெண்ணை வேலைக்கே சேர்க்கமாட்டார். பேறுகாலச் செலவைத் தனித்தனி முதலாளியின் தலையில் சுமத்தலாகாது என்று பன்னாட்டுத் தொழில் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை 2000ஆம் ஆண்டிலேயே கூறிற்று. அதில் இந்தியா ஒப்பமிடவில்லை. தொழிலாளர் அரசு காப்பீட்டுக்குள் வந்த இடங்களில் ஊதியத்தைக் காப்பீட்டுக் கழகம் தருகிறது, முதலாளியின் கைப்பொருள் போவதில்லை. வழி தெரியாமலில்லை, அந்த வழியும் பத்துப் பேரிடமிருந்துதான் கட்டாயமாகத் தொடங்குகிறது. பத்துக்குக் குறைந்தோர் விரும்பினால் சேரலாம் என்கிறது புதிய தொகுப்புச் சட்டம். விரும்பினால்! கருவுற்றவளின் விருப்பம் மட்டும் போதாது, கடைக்காரரும் விரும்பவேண்டும்.

உயர்வைப் பற்றிப் பேச்செடுத்தாலே வியப்பாகப் பார்க்கிறார்கள். கடைப்பெண்ணுக்கு என்ன உயர்வு? ஏன் இல்லை? எந்தப் புடவை எந்த ஊர்க்காரிக்குப் பிடிக்கும், எந்தச் சரக்கு தேங்கும், எந்தக் கடன் திரும்பும் என்பதையெல்லாம் ஐந்தாண்டு நின்றவள் அறிவாள். கொள்முதலுக்குக் காஞ்சிக்கும் ஈரோட்டுக்கும் போகிறவரோ, நேற்று வந்த ஆண் பிள்ளை. கல்லாவில் அமர்பவரும் ஆண். கடையில் உட்கார்ந்து செய்யும் வேலை ஆணுக்கும், நின்று செய்யும் வேலை பெண்ணுக்கும் என்று வகுத்த மனு எவரோ! அரசுப் பணியிலும் இந்தக் கறை இருந்தது. தகுதிகாண் பருவத்தில் பேறுகால விடுப்பு எடுத்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது, பதவி உயர்வு பின்தங்கும். அதைச் சேர்த்துக்கொள்வதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமையும் எந்தத் தொழிலுக்கும் செல்லும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. அதற்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே 96 ஆண்டுகள். பிள்ளை பெற்றது குற்றமன்று என்று ஏட்டில் எழுத இத்தனை காலம்!

என்ன செய்யலாம்? 22-அ பிரிவின்கீழ் விதி வகுத்து, இரண்டு மணிநேரத்துக்கு இத்தனை நிமிடம் அமர்வு என்று எண்ணிச் சொல்லலாம். ஆய்வாளர் நாற்காலியை எண்ணிவிட்டுப் போகாமல், கடைக்காரர் இல்லாத இடத்தில் பெண்ணைக் கேட்கலாம். பேரூராட்சி கடைத்தெருவில் பெண்களுக்கென நீர் வசதியுள்ள கழிப்பிடத்தைக் கட்டி, அதைப் பூட்டி வைக்காமல் இருக்கலாம். பேறுகால ஊதியத்துக்கு ஒரு பொது நிதி திரட்டலாம். கட்டடத் தொழிலாளர் நலனுக்காக, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று தீர்வையாகப் பெறப்பட்டதே, அது நம் கண்முன் உள்ள முன்மாதிரி. பத்துப் பேருக்குக் குறைந்த கடைகள் சிறு தொகை செலுத்த, பெரிய வணிகர் கூடுதலாகச் செலுத்த, எஞ்சியதை அரசு இட்டு நிரப்ப, கடைக்காரர் தலையில் சுமையும் விழாது, பெண்ணின் வேலையும் போகாது. கீழ்பென்னாத்தூர் என்ற பெயரில் 2011 தேர்தல் முதல் ஒரு சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. அதன் உறுப்பினர் எந்தக் கட்சியினராயினும், தொழிலாளர் நலத்துறை மானியக் கோரிக்கை வரும் நாளில் எழுந்து, என் தொகுதியில் பத்துப் பேர் வேலை செய்யும் கடைகள் எத்தனை, பத்துக்குக் குறைந்தவை எத்தனை, அவற்றில் பெண்கள் எத்தனை பேர் என்று மூன்று கணக்குகளைக் கேட்கட்டும்.