எத்தனை மணி? எத்தனை ஆண்டு?

தாமலில் எங்கள் தெருவில் தறி நெய்யும் பெரியவர் ஒருவர், புதிதாக வாங்கிய பாட்டுப் பெட்டியை என்னிடம் கொண்டுவந்தார். “சார், எத்தனை மணி நேரம் பாடும்னு அட்டையிலே போட்டிருக்கான். எத்தனை வருஷம் பாடும்னு போடலியே?” என்றார். விற்பவர்கள் விடை சொல்லாமல் விட்டுவிடும் கேள்வி இது.

மணிக்கணக்கு எளிது. மின்கலத்தின் கொள்ளளவைக் கருவி எடுக்கும் மின்னோட்டத்தால் வகுத்தால் போதும். 1020 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட கலத்திலிருந்து 200 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 5 மணி நேரம். ஒலியைக் கூட்டினால் நேரம் குறையும். 2001இல் வந்த ஆப்பிளின் முதல் ஐபாடுக்கு 10 மணி நேரம் என்றார்கள்; 2017இல் சரிகம நிறுவனம் வெளியிட்ட ‘கார்வான்’ பெட்டிக்கு 5 மணி நேரம். முன்னது ஹெட்போனுக்குப் பாடுவது, பின்னது கூடம் முழுதும் கேட்கப் பாடுவது. ஆகவே இந்த எண்களை மட்டும் வைத்துத் தரம் பிரிப்பது நியாயமாகாது.

ஆண்டுக்கணக்கில்தான் எனக்கு வழக்கு. லித்தியம் அயனிக் கலம் சும்மா கிடந்தாலும் மூப்படையும். மின்முனையின் மேல் ஒரு படலம் வளர்ந்து, லித்தியத்தில் ஒரு பகுதியை முடக்கிவிடும். 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் கொள்ளளவு ஐந்தில் நான்கு பங்காகக் குறைவது வழக்கம். வெப்பம் இதை விரைவுபடுத்தும். மே மாதத்தில் தகரக் கூரையின்கீழ் இரவும் பகலும் மின்னேற்றியிலேயே மாட்டிவைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கலம் தேயட்டும், அது இயற்கை. அதை மாற்ற முடியாதபடி மூடிவைப்பதை எப்படி ஏற்பது? ஐபாடின் கலத்தை உடையவரே எளிதில் மாற்ற இயலாது. 2003இல் நியூயார்க்கில் நைஸ்டாட் சகோதரர்கள் இதைக் கண்டித்துக் குறும்படமே எடுத்தார்கள். வாங்கியவர்கள் தொடுத்த வழக்கில், 2005இல் ஆப்பிள் ஈடு தர உடன்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ, இத்தகைய கருவிகளின் கலத்தைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்று 2023இல் விதி செய்து, 2027 பிப்ரவரி 18 வரை தவணை கொடுத்தது.

நம் கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் பெயரில்லாப் பெட்டிகளைப் பாருங்கள். ஒலி தகரத்தைத் தட்டினாற்போல இருக்கும். ஆனால் பலவற்றில் பின்மூடியைத் தள்ளினால் நோக்கியா கைபேசிகளில் இருந்த பிஎல்-5சி வகைக் கலம் தெரியும். நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம்; மாற்றுக் கலம் கைபேசிக் கடையில் கிடைக்கும். இந்த ஒன்றில் மலிவுப் பெட்டிக்கே என் மதிப்பெண்.

கலம் நம்பகமானதா என்பது வேறு. 2007இல் நோக்கியாவே, மாட்சுஷிதா தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி கலங்கள் அளவுமீறிச் சூடாகக்கூடும் என்று எச்சரித்து, மாற்றித்தர முன்வந்தது. அப்படியிருக்க, அதே அளவுக் கலத்தில் 2400 என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். மாணவர்கள் இதை ஆய்வகத்தில் சோதிக்கலாம். முழுதும் மின்னேற்றிய கலத்துடன் 10 ஓம், 5 வாட் மின்தடையை இணைத்தால் சராசரி 0.37 ஆம்பியர் ஓடும். மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். 1020 என்பது மெய்யானால் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கும். மின்தடை சுடும், ஆசிரியர் அருகில் இருக்கட்டும்.

பெரியவரின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மூடியும் இல்லை, திருகாணியும் இல்லை, சுற்றிலும் ஒட்டியிருந்தார்கள். கடை ரசீது இருக்கிறதா என்று கேட்டேன்.