போனும் வருகைப் பதிவேடும்

2020இல் எங்கும் கேட்ட பேச்சுதான். ‘வாத்தியாருக்கென்ன, வீட்ல ஒக்காந்தே சம்பளம்’ என்பது ஒரு தரப்பு. ‘புள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் குடுக்க முடியலையா’ என்பது மறுதரப்பு. இதை ஆட்களின் குணக்கேடாக வாசிப்பது அதிகாரத்துக்கு ரொம்ப வசதி.

காரைக்காலை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியின் துண்டு நிலம். சொந்தத் தேர்வு வாரியம் கிடையாது. அன்று படித்தது தமிழ்நாட்டுப் பாடநூல். 2020 ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது காலாண்டு, அரையாண்டுக்கு 80, வருகைக்கு 20 விழுக்காடு என்றார்கள். அது பழைய பதிவேடு. புதிய பதிவேடு போனுக்குள் போனது: ஒரே போன் உள்ள மீனவர் வீட்டில் அப்பா அதோடு கடலுக்குப் போனால் பிள்ளை ‘ஆப்சென்ட்’. 2021 அக்டோபரில் தமிழ்நாடு ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது; அதற்கு வாஞ்சூரோடு எல்லை முடிந்தது. பாடநூல் தாண்டிய எல்லையைத் தன்னார்வலர் தாண்டவில்லை.

பள்ளியையும் குடும்பத்தையும் ஓர் இணையாக்கிக் காட்டினார் அல்தூசர் (1970). அந்த இணைக்குள் அடிதடி நடக்கும், அரசு வேடிக்கை பார்க்கும் என்பதற்கு அவரிடம் இடம் குறைவு. (இவான் இலிச்சைக் கொண்டாடிய நம் சிநேகிதர்களும் இதில் வாய் திறக்கல, பள்ளி கலைஞ்சுது, பதிவேடு கலையல.) தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியருக்கு முழுச் சம்பளம் வரவில்லை. ‘பெத்தவங்க ஃபீஸ் கட்டல’ என்று நிர்வாகங்கள் கைகாட்டின. ஆசிரியரும் அதே பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்.